‘கவ்வாத்து’ ஆல்பத்தின் எட்டாவது பாட்டு

என் தம்பி சுரேஸின் பேண்டுக்கு ‘ஏழாம் நம்பர் மலை’ என்று பெயர். அந்த மலையில் எங்கள் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தேயிலைக் கொழுந்து பறித்தாள். இவன் அதில் ஒரு நாள்கூட முழுசாக ஏறியதில்லை, அட்டை கடிக்குமென்று பயம். ஆனாலும் பெயர் நன்றாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

அவர்கள் வாசிப்பது ‘சைக்கடெலிக்’ என்றான். அப்படியென்றால் என்னடா என்று கேட்டேன். “கேக்கக் கேக்க மனசு வேற எங்கயோ போயிரும்க்கா” என்றான். கேட்டுப் பார்த்தேன், என் மனசு அடுப்பில் கிடந்த பருப்புக்குப் போனது. கசிப்புக் குடித்தவன் கனவில் வருகிற சங்கீதம் மாதிரி ஒரே இழுவை, ஒரே எதிரொலி. ஒரு கிட்டார் வயிற்றுவலிக்காரனைப் போல முனகிக்கொண்டே இருந்தது. பண்டாரவளையில் ஷப்ராஸின் வாப்பாவுடைய ஹார்ட்வேர் கடைக்குப் பின்னால், குழாய்களும் பெயின்ட் டின்களும் அடுக்கிய அறையில்தான் பழகுவார்கள். ஷப்ராஸ்தான் டிரம்ஸ். கொழும்பிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து போவார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யசோதினி. பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் புள்ளக்காம்பராவில் வேலை. மலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை எங்களிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதாலும் எனக்குத் தலைவலி வராது. வாய் கொஞ்சம் நீளம் என்று தோட்டத்தில் சொல்வார்கள். சொல்லட்டும்.

லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள். எங்கள் லயத்தில் நாங்கள் இருந்த காம்பராவும் பெரியப்பா இராமையாவின் காம்பராவும் ஒரே சுவரைப் பகிர்ந்தவை. அந்தப் பக்கம் அப்பளம் நொறுங்கினால் இந்தப் பக்கம் கேட்கும். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார்கள். லயத்துக்குப் பின்னால் இருந்த போஞ்சிப் பாத்தி யாருடையது என்று ஒரு சண்டை. முதலில் பாத்திக்கு நடுவில் வேலி வந்தது, அப்புறம் முன்வாசலுக்கும் வந்தது. கோயில் திருவிழாவில் ஒருவர் தட்டை நீட்டினால் மற்றவர் திருநீறு எடுக்காமல் திரும்பி நடப்பார். இரண்டு கிழட்டுப் பிடிவாதங்கள்.

அப்படியிருக்கையில்தான் ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரியப்பா மகனுடைய ஆட்டோ வாசலில் நின்றது. அம்மா சுவரைத் தட்டினாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் மழையில் ஓடி மேல் லயத்திலிருந்து வேறொரு ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

மறுநாள் எடுக்கும்போது நான் ஒப்பாரி வைத்தேன். எங்கள் பக்கத்தில் பெற்ற மகள் வாயைத் திறக்காவிட்டால் பிணம் தெருத் தாண்டாது என்பார்கள். நான் திறந்தேன். என்ன பாடினேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அம்மாவும் அத்தைமார்களும் என் தோளைக் கட்டிக்கொண்டு சுற்றினார்கள், வார்த்தை தானாக வந்தது:

“தங்கத் தேரு பூட்டிவச்ச
எங்கப்பன் தவிச்சு நின்னான்
ஒத்தச் சுவருக்கு அந்தாண்ட
ஒரு கதவு தெறக்கலையே
ஓடுற வண்டி வாசலில
ஒறங்கித்தான் கெடந்துச்சே
ஒரு வயித்துப் பொறப்புக்கு
ஒறவு மறந்து போச்சுதே”

தங்கத் தேர்! அப்பாவிடம் இருந்தது ஒரு ஸ்வெட்டரும் ஒரு டார்ச் லைட்டும்தான். ஒப்பாரியில் அப்படித்தான். செத்தவர் ராஜாவாவார், குறை வைத்தவர்கள் கொலைகாரர்கள் ஆவார்கள். அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு, எங்கள் லயத்தில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாடை முன்னால் வைத்த பேச்சைப் பாடையோடு விட்டுவிட வேண்டும். யாரைப் பற்றிப் பாடினார்களோ அவர் எதிர்த்துப் பேசக் கூடாது. பாடினவளும் பிறகு அதை வாயில் எடுக்கக் கூடாது. எத்தனை வருஷத்து ஆத்திரமும் அன்றைக்கு ஒரு தரம் கொட்டித் தீர்ந்துவிடும். குடும்பங்கள் வெட்டிக்கொள்ளாமல் பிழைத்தது அதனால்தான்.

பெரியப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். அப்புறம் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். கருமாதியன்று காலையில் எழுந்து பார்த்தால், முன்வாசல் வேலியை அவரே பிடுங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கம்புகளை வைத்துத்தான் அன்றைக்குச் சோறு வெந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பாடினதைத் திரும்ப எடுத்தது போலாகிவிடும்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்தோம். நன்றாக என்றால் உண்மையிலேயே நன்றாக. பெரியப்பா காலையில் வெளியே நின்று, “ஏ புள்ள, தேத்தண்ணி ஊத்துனியா?” என்று சத்தம் போடுவார். அவர் வீட்டிலும் தேநீர் இருக்கும், ஆனாலும் என்னிடம்தான் வாங்கிக் குடிப்பார். எனக்கு ஹல்துமுல்லையில் மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். பெயர் ஜெயகுமார், அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அமைதியான ஆள். அப்பா இடத்தில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுப்பது தான்தான் என்று பெரியப்பா ஊருக்கே சொல்லி வைத்திருந்தார். அப்பா இல்லாத குறை எனக்கு அந்த ஒரு வருஷத்தில் பாதி போயிருந்தது.

இந்த நேரத்தில் சுரேஸின் பேண்டு முதல் சிங்கிளை வெளியிட்டது. பாட்டின் பெயர் ‘அந்தாண்ட’. ஹெட்போனை என் காதில் மாட்டி, “கேளுக்கா” என்றான். முதலில் மழைச் சத்தம். அதற்குப் பின்னால் ஷப்ராஸின் டிரம்ஸ் மெதுவாக. அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து கூப்பிடுவது மாதிரி ஒரு பெண் குரல் நீண்டுகொண்டே போனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. என் குரல்.

“எப்படா எடுத்த?”

“அன்னைக்குத்தான். என்னால அழ முடியலக்கா. நீ பாடுறப்ப சும்மா போனை ஆன் பண்ணி சட்டைப் பைக்குள்ள போட்டேன்.”

அவனைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தவன், இரவெல்லாம் பஸ்ஸில் வந்து அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்த்தவன்.

“வார்த்தை ஒண்ணும் கேக்காதுக்கா, பாரு. எல்லாத்தையும் எக்கோவுல கரைச்சிட்டேன்.”

உண்மைதான். பின்பக்கமாகத் திருப்பி, இழுத்து, நனைத்து வைத்திருந்தான். அழுகையின் ராகம் மட்டும் மிச்சம். அதுவும் அழகாகத்தான் இருந்தது. என் குரல் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

‘அந்தாண்ட’ ஓடியது. அப்புத்தளை ஸ்டேஷனுக்கு வருகிற சுற்றுலாப் பிள்ளைகள், மூட்டம் மூடிய ரோட்டைப் படம் பிடித்து அந்தப் பாட்டைப் போட்டார்கள். யாரோ சென்னையிலிருந்து பகிர்ந்தார்கள், யாரோ கனடாவிலிருந்து அழுதார்கள். பெரியப்பா அதைத் தன் போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டார். “என் தம்பி மகன் போட்ட பாட்டு” என்று எஸ்டேட் கடையில் நின்று ஒவ்வொருவருக்கும் போட்டுக் காட்டுவார். போன் அடித்தாலும் உடனே எடுக்க மாட்டார், கொஞ்சம் ஓடவிட்டுத்தான் எடுப்பார். அந்த ஊளைக்குள் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அவர் சிரிப்பதைப் பார்த்துச் சமாதானமாகிவிடுவேன்.

சித்திரை முடிந்து ஆல்பம் வந்தது. ‘கவ்வாத்து’. தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. அட்டைப் படத்தில் வெட்டின செடிகள் ஊதா நிறத்தில் நின்றன. மொத்தம் எட்டுப் பாட்டு. பண்டாரவளையில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. சுரேஸ் பெரியப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தான். நானும் அம்மாவும் பக்கத்தில். பெரியப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இருந்தார். ஜெயகுமாரும் அவர் அம்மாவும் பின்வரிசையில் இருந்தார்கள்.

ஏழு பாட்டு வாசித்தார்கள். ‘அந்தாண்ட’ மூன்றாவதாக வந்தபோது பெரியப்பா எழுந்து கை தட்டினார். ஏழாவது முடிந்ததும் சுரேஸ் எல்லாக் கருவிகளையும் நிறுத்தச் சொன்னான். மைக்குக்கு முன்னால் வந்தான்.

“கடைசிப் பாட்டுல நாங்க யாரும் வாசிக்கல. ‘அந்தாண்ட’ பொறந்த எடம் இதுதான். இது எங்கப்பாவுக்கு.”

விளக்கை அணைத்தார்கள். மழைச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு நான்.

எதிரொலி இல்லை, இழுவை இல்லை. கழுவித் துடைத்து வைத்த மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் மண்டபம் முழுக்க நின்றது. ஒத்தச் சுவர். தெறக்காத கதவு. வாசலில் ஒறங்கின வண்டி. நடுவில் ஒரு இடத்தில் பெரியப்பாவின் பெயரையே சொல்லியிருக்கிறேன், அது எனக்கு ஞாபகமே இல்லை. “இராமையாண்ணே, இராமையாண்ணேன்னு எஞ்சாமி கூப்புட்டுச்சே.” அம்மா என் கையை நகம் பதியப் பிடித்தாள். சுற்றிலும் போன்கள் உயர்ந்தன.

பெரியப்பா அசையவே இல்லை. அன்றைக்குப் பாடைக்குப் பக்கத்தில் நின்ற மாதிரியே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவரும் எழுந்தார், இரண்டு தரம் தட்டினார். கட்டுப்பாட்டை மீறாத ஒரே ஆள் அந்த மண்டபத்தில் அவர்தான்.

வெளியே வந்து சுரேஸின் சட்டையைப் பிடித்தேன்.

“என்னடா செஞ்ச?”

“என்னக்கா? எல்லாரும் அழுதாங்க, பாத்தியா?”

“பெரியப்பா பேரு வருதுடா அதுல!”

அவன் முகம் அப்போதுதான் மாறியது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன் அவனுக்கு அது தோன்றவே இல்லை. மாதக்கணக்காக அந்த ஒலியை முன்னும் பின்னும் ஓட்டிக் கேட்டவன் அவன். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறேன், எந்த இடத்தில் மழை பலக்கிறது என்று எல்லாம் தெரியும். முதல் பாட்டில் வார்த்தையைக் கரைத்தவனுக்கே, நான் என்ன சொல்கிறேன் என்பது நாளாக ஆக வெறும் சத்தமாகிவிட்டது. “பச்சையா இருக்கட்டும்” என்று கொழும்பு நண்பர்கள் சொன்னார்களாம், இவனும் அப்பாவுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துவிட்டானாம். படித்த முட்டாள்.

ஷப்ராஸ் வேனில் டிரம்ஸை ஏற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: “எங்கட மையத்து வீட்டுல சத்தம் போட்டு அழாதீங்கன்னு பெரியாக்கள் சொல்லுவாங்க. ஏன்னு எனக்கு இவ்வளவு நாளா விளங்கல்ல, தாத்தா.” அவர்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

விடிவதற்குள் எட்டாவது பாட்டு ‘அந்தாண்ட’யைத் தாண்டிவிட்டது. அழுகையைக் கேட்டவர்கள் இப்போது கதையைக் கேட்டார்கள். ஒப்பாரி என்றால் என்னவென்றே தெரியாத ஜனம் அதைப் பொலிஸ் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டது. இந்த இராமையா மனுசனா என்று ஒருவன் எழுதினான். உயிரோடு இருக்கிறானா என்று இன்னொருத்தி. ஒருவன் கேமராவோடு லயத்துக்கே வந்து அந்தச் சுவரைக் காட்டச் சொன்னான். நான் பிள்ளைகளைக் கழுவின தண்ணீர் வாளியைத் தூக்கினதும் ஓடினான்.

சுரேஸ் ஆல்பத்திலிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிட்டான். எடுத்து என்ன பிரயோசனம்? நூறு பேர் போனில் இருக்கிறது. பெரியப்பா வீட்டுப் படியில் போய் உட்கார்ந்து அழுதான். பெரியப்பா தேநீர் கொடுத்தார், பாட்டு நல்லா இருந்துச்சுப்பா என்றார், போஞ்சிக்குப் பூச்சி விழுந்திருப்பதைப் பற்றிப் பேசினார். அவனைத் திட்டியிருந்தால் அவன் தேறியிருப்பான். அதன் பிறகு சுரேஸ் கிட்டாரைத் தொடவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் தீரவில்லை, அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

பெரியப்பா சண்டை போடவில்லை, வேலி போடவில்லை. காலையில் என்னைப் பார்த்தால், “வாங்கம்மா, வேலைக்குக் கெளம்பிட்டீங்களா?” என்பார். தேத்தண்ணி ஊத்துனியா என்று கேட்கிற ஆள், எனக்கு ‘வாங்க’ போட ஆரம்பித்துவிட்டார். ஒரு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. போன் அடித்தால் கம்பெனிக்காரன் கொடுத்த பழைய மணிச்சத்தம்தான் கேட்டது.

ஹல்துமுல்லையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா விஜயலெட்சுமி வந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“கோவிச்சுக்காத யசோதினி. ஊரே பேசுது. சாவுக்குக் கதவு தெறக்காத மனுசன் கல்யாணத்துக்குக் கைகுடுக்கலாமா? ஒங்க தாய்மாமன் இருக்காரே, அவரு ஒக்காரட்டும்.”

“கதவு தெறக்கலைன்னு யாரு சொன்னாங்க?” என்றேன்.

“நீதானம்மா பாடியிருக்க.”

நான்தான் பாடினேன். ஆனால் அன்று அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டில்தான் இருந்தாரா, தகரத்தில் மழை கொட்டியதில் தட்டினது கேட்கவில்லையா, கேட்டும் ரோசத்தில் உட்கார்ந்திருந்தாரா, எதுவும் தெரியாது. ஒப்பாரி வைப்பவள் விசாரித்துவிட்டா வைக்கிறாள்? கேட்கவும் எனக்கு வழியில்லை, சொல்லவும் அவருக்கு வழியில்லை. பாடையோடு போனதென்று இரண்டு பேரும் விட்டிருந்தோம்.

“பெரியப்பா ஒக்காரலைன்னா எனக்குக் கல்யாணம் வேணாம்” என்றேன். அம்மா பதறினாள். கூட வந்திருந்த ஜெயகுமார்தான் காப்பாற்றினார். “அவங்க இஷ்டப்படியே நடக்கட்டும்மா” என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனுசனைப் பிடித்தது.

நான் பெரியப்பாவிடம் போனேன். பாத்தியில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வரணும் பெரியப்பா.”

“வராம? சொன்ன சொல்லு இருக்குல்லம்மா.”

“அன்னைக்கு நான்...”

கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். “அத எடுக்கக் கூடாது. அது முடிஞ்சது.” உலகம் முழுக்க எடுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததை, அவர் இன்னும் முடிந்ததாகவே வைத்திருந்தார்.

ஆவணியில் அப்புத்தளைக் கோயில் மண்டபத்தில் கல்யாணம். பெரியப்பா பட்டு வேட்டியில் வந்தார். மணையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து ஜெயகுமார் கையில் வைத்து, தண்ணீர் வார்த்துக் கொடுத்தார். பந்தியில் நின்று ஒவ்வொருவரையும் விசாரித்தார். இவர்தான் அவர் என்று இரண்டு பெண்கள் முழங்கையால் இடித்துக்கொண்டதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர்கள் இலைக்கு அவரே பாயசம் ஊற்றினார். பார்த்தாயா, எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மா என் காதில் சொன்னாள். நானும் நம்பத்தான் ஆசைப்பட்டேன்.

கிளம்பும் நேரம். வேனுக்குப் பக்கத்தில் எல்லோரையும் கட்டிக்கொண்டு அழுதேன். எங்கள் பக்கத்தில் பெண் புறப்படும்போது பெரியவர்கள் கட்டிப்பிடித்து வாய்விட்டு அழுது, மனசிலிருப்பதைச் சொல்லி அனுப்புவார்கள். அப்பா இல்லாததைச் சொல்வார்கள், பிறந்ததிலிருந்து வளர்த்ததைச் சொல்வார்கள். நான் பெரியப்பாவின் காலில் விழுந்தேன். தூக்கி நிறுத்தினார். நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். அவர் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது, மூச்சு இழுத்துவிட்டதும் கேட்டது. என்னவோ சொல்ல வருகிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

“சொல்லுங்க பெரியப்பா” என்றேன். “ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது செய்யுங்க.”

அவர் நிமிர்ந்தார். வேனைச் சுற்றி ஏழெட்டுப் போன்கள் எங்களைப் பார்த்து உயர்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்தார். அப்புறம் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“நான் என்னத்தம்மா சொல்றது” என்றார். “எல்லாந்தான் பாட்டுல வந்துருச்சே.”

கோபமே இல்லாமல் சொன்னார். என் சேலை வெளியே மாட்டிக்கொள்ளாமல் உள்ளே எடுத்துவிட்டு, வேன் கதவைச் சாத்தினார்.